சேறு இல்லாத ஆறு

“தண்ணியக் கலக்கினது ஆரு? தொர தேடுறாரு.”

பங்களாச் சமையல்காரர் சாஹுல் ஹமீது ஆற்றோரப் பாதையில் மூச்சு வாங்க ஏறி வந்து இப்படிக் கேட்டபோது, அழகம்மா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய மூங்கில் ஊத்தாவுக்குள் ஒரு மீன்கூட இல்லை.

கரையில் மண் கூடைகளோடு வரிசையாக நின்ற தோட்டக் கூலிகளின் குடியிருப்பான லயத்துப் பெண்கள் பதினொரு பேரும் கண் மூடித் திறப்பதற்குள் தேயிலைச் செடிகளுக்குள் மறைந்துவிட்டார்கள்.

பாப்பம்மா மட்டும் போகிற போக்கில் தன் கூடையையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். தலை போகிற நேரத்திலும் பொருளை விட்டுவிட்டுப் போகிற பெண் இல்லை அவள்.

அழகம்மா ஊத்தாவைக் கையில் எடுத்துக்கொண்டு கரையேறினாள்.

கடல் தாண்டி இந்தத் தெல்தோட்டை மலைக்கு வந்து இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வெள்ளைக்காரத் துரைக்குக் கோபம் வந்தால், வேலையிலிருந்து நீக்கும் பத்துச்சீட்டு எழுதிக் கையில் கொடுத்து, புருஷன் பெண்டாட்டி இருவரையும் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார் என்று லயத்தில் சொல்லக் கேட்டிருக்கிறாள். திரும்பிப் போகவும் வழியில்லை. ஊரில் மழை பெய்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.

எல்லாம் வாய்க்கொழுப்பு.

கருவாட்டுக் குழம்பு தின்று நாக்கு செத்துப்போனதாக லயத்தில் யாரோ அலுத்துக்கொண்டார்கள். இவள் சும்மா இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை லயம் முழுவதற்கும் மீன் குழம்பு என் பொறுப்பு என்று சொல்லித் தொலைத்தாள்.

ராமநாதபுரத்துக் கண்மாயில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. சித்திரையில் தண்ணீர் வற்றியதும் ஊரே இறங்கிச் சேற்றை மிதித்துக் கலக்கும். மீன் மூச்சுக்குத் தவித்து மேலே வரும். ஊத்தா என்பது அடியும் மூடியும் இல்லாத மூங்கில் கூடைதான். அதை ஒரே அமுக்காகச் சேற்றில் அமுக்கி, மேல்வாய் வழியே கையை விட்டால் உள்ளே விரால் துள்ளும்.

இங்கேயும் மூங்கில் சீவி ஒன்று முடைந்தாள். முதல் அமுக்கிலேயே அது கல்லில் மோதி நின்றது. அடியில் விரல் நுழைகிற இடைவெளி. மீன்கள் அதன் வழியாக அவசரமே இல்லாமல் வெளியே போயின.

விளிம்பைச் சுற்றிப் பழைய சேலைத் துணியைக் கட்டினாள். இடைவெளி அடைபட்டது. ஆனால் தண்ணீர் அவ்வளவு தெளிவு. இவள் கையைத் தூக்கும்போதே மீன் கண்டுகொண்டது.

கலக்கலாம் என்றால், இந்த ஆற்றில் சேறே இல்லை.

இல்லாவிட்டால் என்ன, கொண்டுவந்து கொட்டினால் போகிறது. இந்த யோசனை வந்தபோது அவளுக்குத் தன்மேலேயே பெருமை தாங்கவில்லை. சும்மா இருந்த பெண்களையெல்லாம் திரட்டி, ஆற்றோர மேட்டைக் கொத்தி, கூடை கூடையாகச் செம்மண்ணைக் கொட்டவைத்தாள்.

கண்மாய்ச் சேறு கலக்கிய இடத்தில் நிற்கும். இந்த மலையாற்றுக்கு நிற்கவே தெரியவில்லை. கொட்டிய மண், கொட்டிய கையோடு கீழே ஓடியது. அவர்களும் விடவில்லை. அறுபது கூடை கொட்டியாயிற்று.

ஓடிய மண் எங்கே போகும் என்று பன்னிரண்டு பேரில் ஒருத்திகூட யோசிக்கவில்லை.

கீழே, வளைவைத் தாண்டியதும், துரை ஞாயிறுதோறும் தூண்டில் போடுகிற மடு.

“நாந்தாங்க,” என்றாள் அழகம்மா. பொய் சொல்லிப் பயனில்லை. இடுப்புவரை செம்மண்ணாக நின்றாள்.

“வா புள்ள,” என்றார் சாஹுல் ஹமீது. திரும்பிக் கீழே நடக்கத் தொடங்கினார்.

புருஷன் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். அவன் திரும்பி வந்ததும், மூட்டையைக் கட்டு என்று எப்படிச் சொல்வது? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு நடந்தாள்.

வளைவு வந்தது. மடு முழுக்கச் சிவப்பு. துரை தொப்பியும் நீண்ட தூண்டிலுமாக அதன் நடுவே நின்றார். அவர் முகமும் சிவந்திருந்தது. கரைப் பாறைமேல் ஒரு மரப்பெட்டி திறந்து கிடந்தது. அதற்குள் இறகு கட்டிய தூண்டில் முட்கள் நிறம் நிறமாக வரிசையில் செருகியிருந்தன.

அழகம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

“தெரியாமச் செஞ்சிட்டேங்க, தொரைங்களே.”

துரை அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. கரைப் புல்லைக் கைகாட்டினார்.

அங்கே முழங்கை நீளத்தில் ஒரு மீன் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

சாஹுல் ஹமீது குனிந்து அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: “சீமையில இருந்து அந்தப் பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்து ஆறு மாசம். தெளிஞ்ச தண்ணியில மீனெல்லாம் இவரப் பாத்துட்டு ஓடிப்போகும். இண்டைக்கித்தான் மொத மீனு.”

அழகம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துரைக்குத் தெரிந்த தமிழெல்லாம் கொழுந்து பறிக்கும் மலையில் ஆட்களை அதட்டப் பழகிய தமிழ். அதற்குள் தேடித் துழாவி, “இன்னும் மண்ணு போடு,” என்றார்.

பிறகு, எங்கிருந்து கற்றாரோ, “தயவுசெய்து,” என்றும் சேர்த்துக்கொண்டார்.