கொம்பு கழன்ற காலை

மூன்று மாதமாகக் கடமான் சரியாகத் தின்னவில்லை. பெண்மான்களைப் பார்த்துக் கத்துவதும், ஓடையின் எதிர்க்கரையில் இருந்த இன்னொரு கடமானோடு முட்டுவதுமாகவே பொழுது போயிற்று. ஒரு காலை, தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது கொம்பு இரண்டும் கழன்று விழுந்தன.

மானமே போயிற்றென்று அது பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. தேடி வந்த பெண்மானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வருஷா வருஷம் இதே கூத்தா? உடம்புல ஒரு சாறு ஊறுது. ஊறினா உனக்குக் கொம்பு முறுக்கும், எனக்கு உன் கத்தல் பாட்டாக் கேட்கும். இப்ப ரெண்டு பேருக்கும் வத்திப்போச்சு."

"இப்ப நான் கத்தினா?"

"காது வலிக்கும்."

"மறுபடி ஊறுமா?"

"போன வருஷம் ஊறலையா? அதுவரை நிம்மதியா மேய்."

கடமானுக்கு அப்போதுதான் பசி தெரிந்தது. கொம்பு சிக்குமென்று இத்தனை நாள் அண்டாத இலந்தைப் புதருக்குள் தலையை நுழைத்தது. உள்ளே இன்னொரு மொட்டைத் தலை பழம் மென்றுகொண்டிருந்தது. எதிர்க்கரைக்காரன்!

இரண்டும் ஒரு கணம் முறைத்துக்கொண்டன.

"அப்பாடா, கழுத்து வலி போச்சு, இல்ல?" என்று கேட்டுவிட்டு, எதிர்க்கரைக் கடமான் நகர்ந்து இடம் கொடுத்தது.