மூக்கின் மேடு

மணப்பெண்ணின் பக்கவாட்டு முகத்தைப் பதக்கமாக வார்த்து மாப்பிள்ளைக்கு அனுப்புவது அரண்மனை வழக்கம். இளவரசி ஒர்சினாவின் மூக்கிலிருந்த மேட்டைப் பதக்கச் சிற்பி தாதேயோ மெழுகு அச்சிலேயே வழித்துவிட்டிருந்தான். பதக்கத்தில் மயங்கிய மாப்பிள்ளை அடுத்த மாதம் வருகிறான்.

"பதக்கம் போயாச்சு. இனி மூக்கைத்தான் திருத்தணும்," என்றார் அவள் தந்தையான பிரபு, தாதேயோவிடம். "நீ எவ்வளவு எடுத்தேன்னு உனக்குத்தானே தெரியும்? வைத்தியருக்குக் கோடு போட்டுக் காட்டு."

நாற்காலியோடு கட்டப்பட்டிருந்த ஒர்சினா சிரிக்க முயன்றாள்.

"மெழுகுல ஒரே இழுப்புல வழிச்சியே, தாதேயோ. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான், இளவரசி."

கரித்துண்டால் அவள் மூக்கின் பக்கவாட்டில், மேட்டுக்குச் சற்றுக் கீழே வெட்டுக்கோடு போட்டான். கோணலில்லாமல் விழுந்தது. இரண்டடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். பிறகு அதை அழித்துவிட்டு, இன்னும் சற்று ஆழமாக வரைந்தான்.