பனை உச்சியில் வெயில்

சரக், சரக் என்று சருகு மிதிபடும் சத்தம். ஓட்டுப் பானைக்குக் காவலிருந்த கரியன் காகம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. இறக்கை ஒடிந்த மைனா ஒன்று தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தது. அதன் அலகில் ஆலம்பழம்.

தோப்புக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாள் அது. காகங்களின் ஆளுக்கு ஓட்டென்றால் வேப்பங்கொட்டை, மைனாக்களின் ஆளுக்கென்றால் ஆலம்பழம் போட வேண்டும். பனை உச்சியில் வெயில் போனதும் பானையை மூடிவிட வேண்டும். போன தேர்தலில் இரண்டு இனமும் கொத்திக்கொண்ட காயமே இன்னும் ஆறவில்லை.

"எதிராளி ஓட்டு வருதுடா, மூடித் தொலை!" என்று காகங்கள் கத்தின.

கரியன் பனையை அண்ணாந்து பார்த்தது. உச்சி ஓலையில் ஒரு கீற்று மஞ்சள் மிச்சமிருந்தது.

"வெயில் இருக்குல்ல? மூட மாட்டேன்" என்று பானை வாயின் குறுக்கே உட்கார்ந்துகொண்டது. சொந்தக்காரக் காகங்களே மண்டையில் கொத்தின. அது அசையவில்லை. மைனா வந்ததும்தான் விலகி வழிவிட்டது.

பழத்தைப் போட்டுவிட்டு மைனா மூச்சிரைக்கக் கேட்டது: "ஏன் தம்பி, இதனால உங்க ஆளு தோத்துட்டா?"

"ஆசையைப் பாரு! நீங்க போட்டாலும் எங்க ஆளுதான் ஜெயிப்பான், அக்கா."

"பாத்துடலாம்டா!" என்று சிரித்தபடி மைனா திரும்பித் தத்தியது.

வெயில் போயிற்று. கரியன் பானையை இலையால் மூடி, ராக்காவல் ஆந்தையிடம் ஒப்படைத்தது. பிறகு கீழே கிடந்த சுள்ளியொன்றைக் கவ்விக்கொண்டு, பாதியில் விட்டிருந்த கூட்டைக் கட்டப் போனது.