நொட்டை மாமா

“உங்க ‘நொட்டை மாமா’ கார்ட்டூன் பன்னிரண்டும் ஜோர். ஆனா பேப்பர்ல தினமும் ஒண்ணு வரணுமே! இன்னும் பதினெட்டு கொண்டாங்க. பதினஞ்சு நாள் டைம். இல்லேன்னா இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்” என்றார் ஆசிரியர்.

ஆறு வருஷமாகப் பத்திரிகை ஆபீஸ் படிகளை ஏறி இறங்கியவள். விடுவாளா?

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். “சரக்கு சுத்தமா தீர்ந்துடுச்சுங்க. உங்கப்பா சொன்ன நொட்டை எல்லாத்தையும் வரைஞ்சாச்சு. இன்னும் பதினெட்டுக்கு நான் எங்க போவேன்?”

“மெதுவாப் பேசு. ஹால்லதான் இருக்கார். அந்த மாமா அவர்தான்னு தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்!”

மறுநாள் காலையிலேயே மாமனார் ஆரம்பித்துவிட்டார்.

“ஏம்மா, இந்த சோப்பு ஏன் இப்படி வழுக்குது? பார்த்து வாங்கக் கூடாதா?”

“சோப்புன்னா வழுக்கத்தான் செய்யும் மாமா.”

“எதுக்கெடுத்தாலும் ஒரு பதில்!”

மத்தியானம் கடிகாரம் மாட்டிக்கொண்டது. “ரெண்டு நிமிஷம் முந்தி ஓடுதே. இதுக்கென்ன அவசரம்? ஆபீசுக்கா போகணும்?”

சாயங்காலம் கண்ணாடி. “இதுல என் மூஞ்சி நல்லாவே இல்லை. கடையில குடுத்து மாத்திட்டு வா.”

ரிட்டயர் ஆன மனுஷன் இப்படியா உயிரை வாங்குவார்! முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு நொட்டை. இப்போது வேளைக்கு ஒன்று. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து அத்தனையையும் வரைந்தாள். கோபத்தில், படத்துக்குப் படம் மாமாவின் மூக்கைக் கொஞ்சம் நீட்டினாள். பதினாலாம் நாள் பதினெட்டும் ஆசிரியர் மேஜைக்குப் போய்விட்டது. மனுஷர் சிரித்த சிரிப்பில் டீ கொட்டிவிட்டது.

முதல் கார்ட்டூன் வெளியான காலையில், பேப்பரை ஒளித்துவைக்க வாசலுக்கு ஓடினாள். அதற்குள் அது மாமனார் கையில் இருந்தது.

“மாமா... அது வந்து...”

“மூக்கு ஏன் இவ்வளவு நீளம்?”

“மன்னிச்சுடுங்க மாமா! இனிமே...”

“அட, அதை விடு. சரக்கு இல்லேன்னு அன்னிக்கு நீ கலங்கினது காதுல விழுந்துச்சு. பதினெட்டுக்கே எனக்கு மண்டை காய்ஞ்சு போச்சும்மா. இதுல தினமும் வரும்னு வேற போட்டிருக்கான்.”

பேப்பரை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

“ஞாயித்துக்கிழமை மட்டுமாவது எனக்கு லீவு குடுப்பியா?”