இரவல் ஹெல்மெட்

"தலை போயிடும்னு பயப்படுறவ எதுக்கு சைக்கிளோட ஆகாயத்துல தாவணும்? வீட்டுல உக்காந்து ஆரஞ்சு உரிக்கலாமே."

ஆறாம் வகுப்பு விவாதத்தில் தோமோயா போட்ட போடு இது. வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. சைக்கிள் சாகசத்துக்கு ஹெல்மெட் கட்டாயம் வேண்டும் என்று அதுவரை பேசிய சிஹாரு, முகம் சிவந்து உட்கார்ந்தாள். கை தூக்கச் சொன்னபோது தோமோயா பக்கம்தான் கைகள் அதிகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கப்பல் பட்டறைக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் திடலில் தாவல் போட்டி. தீவு முழுக்க அங்கேதான் கூடியிருந்தது. அக்கரைப் பையன்கள் முதல் படகிலேயே சைக்கிளும் கையுமாக வந்து இறங்கிவிட்டார்கள். தோமோயாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அங்கே மரப்பலகையால் கட்டியிருந்த சரிவின் உச்சியிலிருந்து மிதித்து வந்து தாவி, காற்றிலேயே சைக்கிளோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இறங்குவதாக இருந்தான். கடற்கரை மணலில் ரகசியமாகப் பழகியது. தீவில் அதைச் செய்யக்கூடிய ஒரே ஆள் சிஹாருதான் என்று எல்லோரும் சொல்வது அவனுக்கு உறுத்தல்.

திடல் வாசலில் புதிதாக ஒரு பலகை தொங்கியது. ஹெல்மெட் இல்லாதவர்கள் சரிவில் ஏறக் கூடாது.

போட்டியை நடத்தும் சைக்கிள் கடைக்காரர் ஹமாசாகியிடம் தோமோயா கெஞ்சிப் பார்த்தான். ஆரஞ்சுத் தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்த அவன் அப்பாவும் சேர்ந்துகொண்டார். தான் ஹெல்மெட் இல்லாமலே இந்தத் தீவின் அத்தனை மேட்டிலும் விழுந்து எழுந்து வளர்ந்தவன், தன் தலைக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்டார்.

"அதைத்தான் ஊரே கேட்டுக்கிட்டிருக்கு," என்றார் ஹமாசாகி.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பலகை இறங்கவில்லை.

யாரிடமாவது இரவல் வாங்கலாம். ஆனால் வகுப்பில் அவ்வளவு பேசிவிட்டு எந்த முகத்தோடு கேட்பது? ஒருவர் பின் ஒருவராகப் பையன்கள் தாவுவதும் கூட்டம் ஆர்ப்பரிப்பதும் கேட்டது. கடைசி இரண்டு பேர் தோமோயாவும் சிஹாருவும். அவன் சைக்கிளை வாசல் பக்கம் திருப்பினான்.

பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். சிஹாருதான். தன் நீல ஹெல்மெட்டை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். அவளுக்கு மூச்சு இரைத்தது.

"போட்டுக்கோ."

"உனக்கு?"

"என்னை விடு. உன் பேரைக் கூப்பிடுறாங்க, ஓடு."

வாரைப் பூட்டியதுகூட அவனுக்கு நினைவில்லை. சரிவின் உச்சியிலிருந்து பார்த்தபோது கடலும் கூட்டமும் ஒன்றாகத் தெரிந்தன. மிதித்தான். சரிவின் பலகைகள் தடதடவென்று அதிர்ந்தன, சட்டென்று அதிர்வு நின்றது, அவன் காற்றில் இருந்தான். கடல், மலை, பட்டறைக் கூரை, மறுபடி கடல். இரண்டு சக்கரமும் ஒன்றாகத் தரையைத் தொட்டன.

திடல் அதிர்ந்தது. தோமோயாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிக்கொண்டிருந்த சைக்கிளிலேயே இரண்டு கைகளையும் மேலே தூக்கினான். முன்சக்கரம் திரும்பியது. சமதரையில், எந்தச் சாகசமும் இல்லாத இடத்தில், தூக்கி எறியப்பட்டான். தலை சிமெண்டில் மோதிய சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது.

அப்பா தடுப்பைத் தாண்டிக் குதித்து ஓடிவந்தார். அதற்குள் அவன் எழுந்து உட்கார்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, தாவல் கணக்கில் சேருமா என்று கேட்டான். சேரும் என்றார் ஹமாசாகி. ஹெல்மெட் இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை பிளந்திருந்தது. அப்பா அந்தப் பிளவில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு மகனின் தலையைத் தடவினார்.

அடுத்து சிஹாரு. தாவி முடித்த பையன்கள் ஆளாளுக்குத் தங்கள் ஹெல்மெட்டை அவளிடம் நீட்டினார்கள். ஒன்று தொளதொளத்தது. ஒன்று காதை அழுத்தியது. ஒன்றின் வார் சரியில்லை. தலைக்குப் பொருந்தாத ஹெல்மெட் ஹெல்மெட்டே இல்லை, தான் தாவப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஹமாசாகி ஒலிபெருக்கியைப் பிடித்தார். எதிராளிக்காகத் தன் வெற்றியை விட்டுக்கொடுத்தவள், அப்போதும் விதியை மீறாதவள், இப்படியொரு பிள்ளையை இந்தத் தீவு பார்த்ததில்லை என்றார். சொல்லும்போதே அவர் குரல் தழுதழுத்தது. முதல் பரிசுக் கோப்பையைத் தோமோயா வாங்கியபோது எழுந்த கைதட்டலைவிட அவளுக்கு எழுந்தது பெரியது.

கூட்டம் கலைந்ததும் தோமோயா அவளைத் தேடிப் போனான். படகுத்துறைப் படியில் உட்கார்ந்து சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தாள். கோப்பையை அவள் பக்கத்தில் வைத்தான்.

"இது உன்னோடது. நான் வகுப்புல பேசினது தப்பு. நீ தாவியிருந்தா நீதான் ஜெயிச்சிருப்பே."

சிஹாரு அக்கம்பக்கம் பார்த்தாள். கோப்பையை அவன் பக்கமே நகர்த்தினாள்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு," என்றாள் தாழ்ந்த குரலில். "காலையில சரிவு மேல ஏறிக் கீழே பார்த்தேன், காலு ரெண்டும் வெலவெலத்துப் போச்சு. எப்படித் தப்பிக்கிறதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தப்பதான், கடவுளாப் பார்த்து உன்னை ஹெல்மெட் இல்லாம அனுப்பி வெச்சாரு."