குடை ரிப்பேர்

மனநல ஆலோசகியின் புது அறையை மூன்று மாதமாக ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. இன்றும் யாரும் வராவிட்டால் இழுத்து மூடிவிடுவதாக இருந்தாள்.

"இன்டர்நெட்ல படிச்ச பட்டத்தையெல்லாம் அடுக்கி வச்சா யாரு வருவா அக்கா? யாரோ ஒருத்தர்கிட்ட பேசுற மாதிரி எழுது," என்று லேப்டாப்பை நீட்டினாள் தங்கை.

ஆலோசகி எழுதினாள்: 'குடை ரிப்பேருக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, என் வாசல்வரை வந்து திரும்பிப் போகிறவரே, உள்ளே வாருங்கள். அழலாம், சும்மாவும் உட்காரலாம்.'

எழுதி முடித்ததும் அழைப்பு மணி அடித்தது. வாசலில் பழுதில்லாத குடையோடு ஒரு மீசைக்காரர் நின்றார்.

"இன்டர்நெட்ல படிச்சேன் மேடம். என்னைத்தானே கூப்பிட்டீங்க?"

"அக்கா, நான் இன்னும் அதைப் போடவே இல்லையே!" தங்கை கிசுகிசுத்தாள்.

"வாயை மூடுடி, வந்த மனுஷன் ஓடிடப் போறார்," என்ற ஆலோசகி, எதிர் நாற்காலியில் வாங்கிய நாளிலிருந்து பிரிக்காமல் கிடந்த பிளாஸ்டிக் உறையை வாயெல்லாம் பல்லாகக் கிழித்தாள்.