சுவரின் சூடு

தீபாவளி வந்தால் ஆதிலட்சுமி தன் நாய் டோலியைக் குளியலறையில் விட்டுத் தாழ் போட்டுவிடுவாள். வீட்டில் தெருப்பக்கம் ஜன்னல் இல்லாத இடம் அது ஒன்றுதான். வெடிச்சத்தம் அவ்வளவாகக் கேட்காது. முன்னெல்லாம் முதல் வெடிக்கே டோலி தானாக அங்கே போய்ச் சுருண்டுகொள்ளும். இந்த வருஷம் குளியலறை வாசலிலேயே காலை ஊன்றிக்கொண்டு நகர மறுத்தது.

“உள்ள போடி, என் கண்ணுல்ல,” என்று கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

தெருவில் சரவெடி தொடங்கியது. டோலி ஊளையிட்டுக்கொண்டே கதவைப் பிறாண்டியது. சரம் ஓய்ந்த பிறகும் அது நிறுத்தவில்லை. ஊளைதான் இன்னும் பெரிதானது. மனசு கேட்காமல் திறந்தாள். நாய் அவள் புடவையைக் கவ்வித் தெருவாசல் பக்கம் இழுத்தது. தடுமாறியவள் குளியலறைச் சுவரில் கையை ஊன்றினாள். டைல்ஸ் சுட்டது.

அந்தச் சுவருக்கு அப்பால் மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை. மாடியில் குடியிருக்கும் தணிகாசலம் விற்காமல் மிஞ்சிய பட்டாசை மூட்டை மூட்டையாக அதில்தான் போட்டு வைத்திருந்தார்.

வெளியே ஓடினாள். அவர் அந்த அறை முன்னால்தான் நின்றிருந்தார்.

“ஏதோ கருகுற வாடை வருதும்மா. என்னன்னு பாக்குறேன்.”

“அண்ணே, தொறக்காதீங்க! இந்தப் பக்கம் வந்துடுங்க!”

அதற்குள் எதிர்வீட்டில் அடுத்த சரத்தைக் கொளுத்திவிட்டார்கள். தணிகாசலம் என்ன என்று கேட்பதுபோல் ஒரு கையைக் காதோரம் குவித்தார். மறு கை பூட்டில் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தது.